கேட்டுவிட்டுப் போகிறவர்: மேடை நாடகத்தில் மர்ம விசாரணையாளரை உருவாக்கும் முறை

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு வசதியான குடும்பம் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்கிறார். அவர் போகும்போது அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாத நிலை வந்திருக்கும். இந்த அமைப்பின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதிய ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’. 1912இல் நடக்கும் கதையாக எழுதப்பட்ட அந்த நாடகம் 1945இல் சோவியத் ஒன்றியத்திலும், 1946இல் லண்டனிலும் மேடையேறியது. அதை மொழிபெயர்க்காமல், அந்த விசாரணையாளரிடம் கற்றுக்கொண்டதை மட்டும் வைத்துக் குடியாத்தத்துப் பின்னணியில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினேன். அந்த அனுபவத்திலிருந்து, புதிதாக எழுத வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்சிப் பிரிப்பு, ஒத்திகை போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: குற்றத்தை முதலில் எழுதுங்கள்

விசாரணையாளரை எழுதும் முன், சட்டம் தண்டிக்க முடியாத ஒரு குற்றத்தைக் கண்டுபிடியுங்கள். சட்டம் தண்டிக்கக்கூடியது என்றால் அதற்குக் காவல் நிலையம் போதும். மனசாட்சி மேடையேற வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது பீடி சுற்றும் ஒரு பெண்ணின் கதை. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், சுற்றிக் கொண்டுவந்த பீடியில் ஒரு பங்கைக் கழிவு என்று ஒதுக்கிவிட்டுக் கூலியைக் குறைப்பதை ஒரு முதலாளி பழக்கமாகவே வைத்திருக்க முடியும். என் நாடகத்தில் அந்தப் பெண் அதைத் தட்டிக் கேட்கிறாள். முதலாளி இனி வேலை இல்லை என்று அவளை விரட்டிவிடுகிறார்; நாள்தோறும் சுற்றிய பீடியையும் கழிவையும் எழுதிய பாஸ் புத்தகம் மட்டும் அவளிடம் மிஞ்சுகிறது. பிறகு முதலாளியின் மனைவி, அவள் அடகு வைத்த கம்மலை, இரண்டு நாள் தவணை கேட்டும் கொடுக்காமல் மூழ்கவிடுகிறாள். மகன் திருமண ஆசை காட்டிக் கடிதம் எழுதிவிட்டு மறந்துபோகிறான். இவற்றில் எதற்கும் யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள்.

இரண்டாம் படி: ஆளும் பெயரும்

காக்கிச் சீருடை வேண்டாம். மீசை முறுக்கும் திரைப்படக் காவலர் நடை அறவே வேண்டாம். பிரீஸ்ட்லி தன் குறிப்பில் விசாரணையாளர் பெரிய உருவம் கொண்டவராக இருக்கத் தேவையில்லை என்றும், பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவரை உற்று நோக்கும் பழக்கமுள்ளவர் என்றும் எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் அப்படியே பின்பற்றலாம். பெயரைப் பொறுத்தவரை, தர்மராஜன், சத்தியமூர்த்தி என்று வைத்தால் அவர் யார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நான் காளத்தி என்று வைத்தேன். நம் பக்கத்தில் சாதாரணமாகப் புழங்கும் பெயர். காலன் என்ற சொல்லும் காதோரம் வந்து போகும்.

மூன்றாம் படி: அவரைப் பேசவிடாதீர்கள்

நான் தவறியது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் மேடையேற்றத்தில், காளத்தி கிளம்பும் முன் இரண்டு பக்க வசனம் எழுதியிருந்தேன். ஏழையின் கண்ணீர், உழைப்பின் விலை என்றெல்லாம் அதில் இருந்தது. அரங்கம் கைதட்டியது. ஆனால் வெளியே வந்தவர்கள் அந்த நடிகரின் குரலைத்தான் பாராட்டினார்கள். பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கைதட்டியவுடன் அவர்கள் தங்கள் கடமை முடிந்ததாக உணர்ந்துவிட்டார்கள் என்பது எனக்கு அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் புரிந்தது.

இதற்குத் தீர்வு நம் தெருக்கூத்திலேயே இருந்தது. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த புரிசை உட்பட, கூத்து நடக்கும் ஊர்களில் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: திரைக்குப் பின்னே ராஜா வந்து நிற்கும்போது, கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் அவரை யார், எவர் என்று கேட்பான், ராஜா தன் பெருமையைத் தானே பாடிச் சொல்வார். கட்டியங்காரன் தீர்ப்புச் சொல்வதில்லை, கேட்கிறான். விசாரணையாளரும் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் எழுதியிருந்த ஒரு வசனம் இது: “நீங்கள் ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்தீர்கள்.” அதை இப்படி மாற்றினேன்:

காளத்தி: ஆயிரம் பீடிக்கு எத்தனை கழிப்பீர்கள்?
முதலாளி: அது அன்றன்றைக்கு என் கைக்குத் தோன்றுவதைப் பொறுத்தது.
காளத்தி: அன்றைக்கு உங்கள் கைக்கு என்ன தோன்றியது?

இதற்குப் பிறகு ஐந்து நொடி மௌனம். ஒத்திகையில் நடிகர்கள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் இரண்டு நொடியில் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கையில் ஒரு பொருள்

பிரீஸ்ட்லியின் விசாரணையாளர் ஒரு புகைப்படத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே காட்டுவார். எல்லோரும் பார்த்தது ஒரே படமா என்ற சந்தேகம் பின்னால் எழ அதுவே வழிவகுக்கும். என் நாடகத்தில் அந்த இடத்தில் பாஸ் புத்தகம் வந்தது. கட்டைவிரல் படும் மூலையில் பீடித்தூள் கறை ஏறிப் பழுப்பாகியிருக்கும். உள்ளே அடகுச் சீட்டு, மடித்த கடிதம். முதலாளி பக்கங்களை மட்டும் பார்ப்பார், மனைவி சீட்டை மட்டும், மகன் கடிதத்தை மட்டும். கறைக்குத் தேயிலைத் தண்ணீர் வேண்டாம்; உண்மையான பீடித்தூளை ஈரவிரலால் தேய்ப்பதே சிறந்தது. அதன் மணம் நடிகர்களின் முகத்தை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ஒளியும் ஒலியும்

அவர் வரும்வரை இதமான மங்கல் ஒளி, வந்த பிறகு கூடுதல் வெளிச்சமுள்ள கடுமையான ஒளி. இதுவும் பிரீஸ்ட்லி சொன்னதே. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருடன் இரண்டு ‘பார்’ (PAR) மேடை விளக்குகள் போதும். வருகைக்குக் கைப்பேசியில் பதிந்த மணியோசையைப் பயன்படுத்தாதீர்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பழைய மரப்பலகையில் இரும்பு நாதாங்கியைப் பொருத்தி மூன்று முறை தட்டுங்கள். அரங்கின் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காரும்.

பின்சேர்க்கை

இதைப் படித்து முயன்றவர்கள் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள். ஒன்று, கதையை இன்றைய காலத்தில் வைத்தால் குடும்பத்தினர் கைப்பேசியிலேயே அவர் யார் என்று சரிபார்த்துவிடுகிறார்கள். ஆகவேதான் என் கதை 1974இல் நடக்கிறது. வேலூருக்கு டிரங்க் கால் (வெளியூர்த் தொலைபேசி அழைப்பு) பதிவு செய்துவிட்டு முதலாளி காத்திருக்கும் நேரத்தில்தான் மொத்த விசாரணையும் நடந்து முடிகிறது.

இரண்டாவது சிக்கல் பெரியது. அப்படி ஓர் அதிகாரியே இல்லை என்று தொலைபேசியில் தெரிந்தவுடன், முதலாளியோடு சேர்ந்து பார்வையாளர்களும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். முழு நாடகமும் அந்த மூச்சில் கரைந்துபோகலாம். அதைத் தடுக்க வசனம் சேர்க்காதீர்கள். காளத்தி போகும்போது பாஸ் புத்தகத்தை, அன்று அந்த வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு வைத்த தட்டின் மேல் வைத்துவிட்டுப் போகட்டும். பெற்றோர் சிரித்துக்கொண்டிருக்கையில், அதுவரை ஒன்றும் காட்டப்படாத மகள் அதை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளின் கணக்கையும் வாய்விட்டுப் படிக்கட்டும்: சுற்றியது ஆயிரம், கழிவு நூறு, சுற்றியது ஆயிரம், கழிவு நூற்றைம்பது. “போதும், வை” என்று அப்பா சொல்வார். “இன்னும் பக்கம் இருக்குது நைனா” என்று அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது விளக்கை அணையுங்கள்.