மர்மப் பொருள் டாக்குமெண்டரியை எப்படிப் பார்ப்பது?

டிவியில் “விஞ்ஞானிகளையே திணற வைத்த பழங்காலப் பொருள்” என்று ஒரு நிகழ்ச்சி ஓடினால் சேனலை மாற்ற வேண்டியதில்லை, தாராளமாகப் பாருங்கள். நாம் நேரில் போக வாய்ப்பில்லாத இடங்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருட்களையும் அவ்வளவு பக்கத்தில் காட்டுவது நல்ல விஷயம்தான். ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பொருளின் பெயரும் அது இருக்கும் அருங்காட்சியகத்தின் பெயரும் காதில் விழுந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பர இடைவேளை வரும்போது தேடிப் பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது, இதை மண்ணிலிருந்து எடுத்தது யார், எந்த இடத்தில், எந்த வருடத்தில் என்பதுதான். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோமே, அதே மாதிரி. முறையான அகழாய்வில் ஒரு பொருள் கிடைத்தால் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறு என்னென்ன கிடந்தன என்று எல்லாம் எழுதி வைப்பார்கள். அதை வைத்துத்தான் காலத்தையும் பயன்பாட்டையும் சொல்ல முடியும். அந்தப் பதிவு இல்லாமல் ஒரு வியாபாரியிடமிருந்து கைமாறி வந்த பொருள் என்றால், அதைப் பற்றிய கதை முழுக்க விற்றவர் வாய்மொழியாகச் சொன்னதாகத்தான் இருக்கும். நிகழ்ச்சியில் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போவார்கள், அப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

படிக மண்டையோடுகளை எடுத்துக்கொள்வோம், இந்த வகை நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருபவை. பளிங்கு போன்ற படிகக் கல்லில் செதுக்கிய மண்டையோட்டு உருவங்கள் இவை, மெக்ஸிகோ பக்கத்துப் பழங்கால மக்கள் செய்தவை என்று சொல்வார்கள். அவற்றில் ரொம்பப் பிரபலமானது மிட்செல் ஹெட்ஜஸ் மண்டையோடு. 1920களில், இன்றைய பெலிஸ் நாட்டில் உள்ள லுபான்துன் என்ற மாயா நகரத்தின் இடிபாடுகளில், மிட்செல் ஹெட்ஜஸ் என்ற பிரிட்டிஷ் சாகசப் பயணியின் வளர்ப்பு மகள் அன்னா கண்டெடுத்தார் என்பது கதை. ஆனால் 1936இல் ‘மேன்’ என்ற பிரிட்டிஷ் மானிடவியல் இதழில் அதே மண்டையோட்டைப் பற்றி ஒரு கட்டுரை வந்தபோது, அது சிட்னி பர்னி என்ற லண்டன் கலைப்பொருள் வியாபாரியிடம் இருந்தது. 1943இல் சதபீஸ் ஏலத்துக்கும் வந்தது, அதற்கப்புறம்தான் மிட்செல் ஹெட்ஜஸ் அதை பர்னியிடமிருந்து விலைக்கு வாங்கினார். மகள் தோண்டி எடுத்த பொருளை அப்பா ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் நிகழ்ச்சி அங்கேயே முடிந்துவிடும், அதனால் ஏலத்தைப் பற்றிய பேச்சே பெரும்பாலும் வராது.

பிரிட்டிஷ் மியூசியத்திடம் இருக்கும் மண்டையோட்டை அவர்கள் 1897இல் நியூயார்க் டிஃபனி நகைக்கடையிடமிருந்து வாங்கினார்கள். அதன் வழித்தடத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் யூஜின் போபான் என்ற பிரெஞ்சு தொல்பொருள் வியாபாரியிடம் போய் நிற்கிறது. பாரிஸில் இருக்கும் இன்னொரு மண்டையோடும் இவர் கையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு 1992இல் ஒன்று தபாலில் வந்தது, அனுப்பியவர் பெயர் போடவில்லை. இப்படி மூலப்பத்திரம் இல்லாத மூன்று மண்டையோடுகள். முறையான அகழாய்வில் கிடைத்தது என்று சொல்ல இந்த வகையில் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது, பொருளின் மேல் உள்ள தடயங்களைப் பற்றி நிகழ்ச்சி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். “இவ்வளவு வழவழப்பாகக் கையால் செய்யவே முடியாது” என்று பின்னணிக் குரல் சொல்லும். உண்மையில் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் மார்கரெட் சாக்ஸ், ஸ்மித்சோனியனின் ஜேன் வால்ஷ் ஆகியோர் தங்கள் இரண்டு அருங்காட்சியகங்களிலும் இருக்கும் மண்டையோடுகளின் பற்கள், கண்குழிகள் மேல் சிலிக்கோன் பூசி அச்செடுத்து, அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மெக்ஸிகோவில் உண்மையாகவே பழங்காலத்தில் செய்த ஒரு படிகக் கோப்பையையும் அதே மாதிரி பார்த்தார்கள். கோப்பையில் கல்லும் மணலும் வைத்துக் கையால் தேய்த்த ஒழுங்கில்லாத கீறல்கள் இருந்தன. மண்டையோடுகளில் ஒரே சீராக, இணைகோடுகளாக ஓடும் தடங்கள், அதாவது சுழலும் சக்கரம் கொண்டு நகைத்தொழில் செய்பவர்கள் உண்டாக்கும் தடங்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் மெக்ஸிகோவில் அப்படிச் சக்கரம் வைத்துக் கல் வெட்டியதற்குச் சான்றே கிடையாது. ஸ்மித்சோனியன் மண்டையோட்டில் சிலிக்கன் கார்பைடு துகள் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. கார்பொரண்டம் என்று தொழிலில் சொல்லும் இந்தத் தேய்ப்புப் பொருள் 1890களில்தான் தொழிற்சாலையில் தயாராக ஆரம்பித்தது. இந்த ஆய்வு 2008இல் வெளிவந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த நிகழ்ச்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால், மீதி விஷயங்களிலும் அவர்களை நம்ப எனக்கு மனம் வராது.

மூன்றாவது, செய்ய முடியும் என்பதையும் செய்தார்கள் என்பதையும் பிரித்துப் பாருங்கள். பாக்தாத் பேட்டரி என்று ஒன்றைக் காட்டுவார்கள். சுமார் 14 செ.மீ. உயர மண்ஜாடி, உள்ளே செப்புத் தகட்டால் ஆன குழாய், அதற்குள் ஓர் இரும்புக் கம்பி, மேலே நிலக்கீல், அதாவது தார் போன்ற பொருளால் ஆன அடைப்பு. 1936இல் பாக்தாத் பக்கத்தில் கிடைத்தது. வில்ஹெல்ம் கோனிக் என்ற ஜெர்மானியர் இது மின்கலமாக இருக்கலாம் என்று எழுதினார். நிகழ்ச்சியில் ஒருவர் இதே மாதிரி ஜாடி செய்து வினிகர் ஊற்றுவார், மீட்டர் முள் ஆடும், உடனே இசை உச்சத்துக்குப் போகும். முள் ஆடத்தான் செய்யும், செம்பும் இரும்பும் புளிப்பான நீரும் சேர்ந்தால் எந்த ஊரிலும் ஆடும். அந்தக் காலத்தில் அப்படிப் பயன்படுத்தினார்களா என்பதற்கு அது பதில் ஆகாது. இந்த ஜாடியோடு மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் ஒயர் எதுவும் கிடைக்கவில்லை, நிலக்கீல் செப்புக் குழாயை மூடிக்கொண்டிருப்பதால் வெளியே இணைப்புக் கொடுக்கவும் வழியில்லை. மின்சாரத்தால் தங்க முலாம் பூச இதைப் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்து முலாம் பூசிய பொருட்கள் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துச் சூடாக்கும் முறையில் செய்தவை, அதற்கு மின்சாரம் தேவையே இல்லை.

சக்காரா பறவை என்ற சின்ன மரப் பறவையும் இப்படித்தான். 1898இல் எகிப்தில் கிடைத்தது. கலீல் மெஸ்ஸிஹா என்ற எகிப்திய மருத்துவர் இது விமானத்தின் மாதிரி என்றும், கிடைமட்டமான வால் சிறகு தொலைந்துபோயிருக்கும் என்றும் சொன்னார். மாதிரி பறக்கும் காட்சி வந்தால் அதில் வால் சிறகைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், காட்டும் படத்தை நீங்களே திருப்பிப் பாருங்கள். மெக்ஸிகோவின் பலெங்கேயில் மாயா மன்னர் பகாலின் கல்லறையை 1952இல் ஆல்பர்டோ ரூஸ் திறந்தார். அந்தக் கல்பெட்டியின் மூடியைப் படுக்கைவாட்டில் காட்டி, ராக்கெட் ஓட்டும் விண்வெளி வீரர் என்பார்கள். போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து நிமிர்த்தி வையுங்கள். மன்னர் பாதாளத்தின் வாய்க்குள் மல்லாந்து விழுகிறார், அவர் மேலே மாயா நம்பிக்கையில் உலகத்தின் நடுவில் நிற்கும் மரம், மரத்தின் உச்சியில் ஒரு பறவை. அதே பலெங்கேயில், சிலுவைக் கோயில் என்று அழைக்கப்படும் கட்டடத்தின் சிற்பத்திலும் இதே மரமும் இதே பறவையும் இருக்கின்றன. மூடியின் ஓரத்தில் எழுத்துகளும் உண்டு, அவர் 683இல் இறந்த விவரம் அதில் இருக்கிறது. ஒரு பொருளை அதன் ஊரிலிருந்தும், அதே ஊரின் மற்ற சிற்பங்களிலிருந்தும், அதில் எழுதியிருப்பதிலிருந்தும் பிரித்துவிட்டால் எதையும் மர்மம் ஆக்கிவிடலாம். நீங்கள் செய்ய வேண்டியது அதைத் திரும்பச் சேர்த்துவைப்பது.

இதையெல்லாம் சந்தேகப்பட்டால் அதிசயமே இல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் ஆன்டிகித்தெரா கருவியைக் காட்டுங்கள். 1901இல் கிரேக்கக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர்கள் கொண்டுவந்த வெண்கலக் கட்டி அது. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, குறைந்தது 30 பல்சக்கரங்கள். ஒரு சக்கரத்தில் 223 பல், கிரகணங்கள் திரும்ப வரும் 223 சந்திர மாதச் சுழற்சிக்காக. சந்திரன் வானத்தில் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதைக் காட்ட, சற்றே மையம் விலகிய இரண்டு சக்கரங்களை, ஒன்றில் முளையும் மற்றொன்றில் பிளவும் வைத்துக் கோத்திருக்கிறார்கள். இதுவும் மர்ம நிகழ்ச்சிகளில் வரும், வேற்றுக்கிரகம் என்ற பேச்சும் வரும். ஆனால் கருவியின் மேல் கிரேக்க எழுத்து நிறைய இருக்கிறது. கொரிந்து நகரத்தார் புழங்கிய மாதப் பெயர்கள் அதில் உண்டு, ஒலிம்பியா போட்டியின் பெயர்கூட உண்டு. பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக அரத்தால் அராவிய மனிதருக்குச் சேர வேண்டிய பெருமையை வானத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொடுப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. எகிப்தியர்கள், மாயா மக்கள், பெரு நாட்டின் பழங்கால நாஸ்கா மக்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம், “இவர்களால் முடிந்திருக்காது” என்று கொஞ்சமும் கூசாமல் சொல்கிறார்கள்.

கடைசியாக, “நிபுணர்கள் உண்மையை மறைக்கிறார்கள்” என்ற வரி கட்டாயம் வரும். அப்போது யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு பாருங்கள். திரையில் பேசுபவரின் பெயருக்குக் கீழே “ஆய்வாளர்” என்று மட்டும் போட்டிருந்தால், அவர் எந்தப் பல்கலைக்கழகம், எந்த அகழாய்வில் வேலை பார்த்தவர் என்று தேடுங்கள். பிறகு அந்தப் பொருளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலுக்குப் போங்கள். பிரிட்டிஷ் மியூசியம் தங்கள் மண்டையோடு 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்தது என்று தாங்களே சோதித்து, தாங்களே வெளியிட்டிருக்கிறார்கள்.