பீங்கான் பொடிக் குப்பி: கையில் எடுத்ததும் அடியைத் திருப்பாதீர்கள்

சீனப் பீங்கான் மூக்குப்பொடிக் குப்பி உள்ளங்கையில் அடங்கிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை எடுத்ததும் செய்யும் முதல் வேலை, தலைகீழாகத் திருப்பி முத்திரையைத் தேடுவதுதான். குப்பி பழைய அசல்தானா என்று பார்க்கும்போது அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை அங்கேயே சொல்கிறேன்.

மூக்குப்பொடியைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர்கள் ஐரோப்பியர். அவர்கள் டப்பாவில் வைத்திருந்தார்கள். சீனாவின் ஈரக்காற்றுக்கு அது ஒத்துவரவில்லை, இறுக்கமாக மூடும் குப்பி வந்தது. பீங்கானில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பெரும்பாலும் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென் சூளைகளில்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், மேசையில் விரிக்க ஒரு துணி.

1. மூடி

மூடியைப் பிடித்துக் குப்பியைத் தூக்கவே கூடாது. உடம்பைப் பிடித்துக்கொண்டு மூடியை மெல்லத் திருகி எடுங்கள். கீழே தக்கையும் அதில் செருகிய குட்டிக் கரண்டியும் இருக்கும். கரண்டி கிட்டத்தட்ட அடிவரை எட்ட வேண்டும். பாதியில் நின்றால் மூடி வேறு குப்பியுடையதாக இருக்கலாம். அது சகஜம்தான், அதற்காக ஒதுக்க வேண்டாம்.

2. வாய்

விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் தட்டும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பொடியின் பழுப்புக் கறை நல்ல அறிகுறி, ஆனால் கறையைச் செயற்கையாகவும் ஏற்றிவிடலாம்.

3. ஓவியம்

அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். குப்பியைச் சாய்த்து, வெளிச்சம் மேற்பரப்பில் வழுக்கிப்போகும்படி பிடியுங்கள். கோபால்ட் நீலம் மெருகுக்கு, அதாவது மேலே பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுக்கு, அடியில் இருக்கும், விரலுக்குத் தட்டாது. இளஞ்சிவப்பு, பச்சை எனாமல்கள் மெருகின் மேல் லேசாகப் புடைத்திருக்கும். தாமிரச் சிவப்பு சூளையில் சொன்ன பேச்சு கேட்காது. சாம்பல் பூத்தோ ஓரம் கசிந்தோ இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் லென்ஸ். நீலம் சீரான குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது தூரிகை வேலை இல்லை, அச்சு ஒட்டியது. கீழே வைத்துவிடலாம். தங்கப் பூச்சு இருந்தால் விரல் படும் மேடுகளில் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள்.

4. அடிவிளிம்பு

பழைய கீறல்கள் கண்டபடி ஓடும். ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை.

5. முத்திரை

ஆறெழுத்து முத்திரை என்றால் வலது வரிசையின் மேலிருந்து தொடங்க வேண்டும்: வம்சம், பேரரசர் ஆட்சிப் பெயர், ‘காலத்தில் செய்தது’. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டுக் குப்பிகள் சிலவற்றில் மிங் வம்சத்துப் பேரரசர் செங்குவாவின் முத்திரை இருக்கும். செங்குவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்ததே 1492இல். அமெரிக்காவிலிருந்து புகையிலையே வராத நாட்டில் பொடிக் குப்பி ஏது? முன்னோர் மேல் உள்ள மரியாதைக்காகப் பழைய பெயரைப் போடுவது அங்கே வழக்கம். முத்திரை பொய்யாக இருந்தாலும் குப்பி அசல் 19ஆம் நூற்றாண்டுச் சரக்காகவே இருக்கலாம். முதல் நான்கு படிகளில் தேறியதா என்பதுதான் கேள்வி.

வாங்குவதென்று முடிவானால், கரண்டி எதில் செய்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். யானைத் தந்தம் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்கத்தில் சிக்கும்.