கடைவீதி வேண்டாம் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

தொடர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் கோவை கிராஸ்கட் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குப் பயந்தே இப்போது பலர் சைக்கிள், மலையேற்றம் என்று கிளம்பிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கடைக்குப் போகிற புத்தியையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கிளம்பும் முன்பே ஒரு சுற்று ஷாப்பிங் நடந்துவிடுகிறது: கியர் சைக்கிள், கையுறை, கூலிங் கிளாஸ், புது ஷூ. ஹெல்மெட் வாங்கியே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. மற்றதையெல்லாம் நாலு முறை போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கியமாக, புது ஷூவை மலையடிவாரத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரு வாரமாவது ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். இல்லையென்றால் பாதி மலையில் குதிகாலில் கொப்புளம் வந்து, மீதி வழி முழுக்க அதே நினைப்பாக இருக்கும்.

அடுத்தது லிஸ்ட். ஆழியாறு அணை, குரங்கு அருவி, வால்பாறை, டாப்ஸ்லிப் எல்லாம் ஒரே நாளில்! ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். டாப்ஸ்லிப்புக்கோ சேத்துமடை வழியாகப் போக வேண்டும், அது வேறு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் காருக்குள் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒரு மலை போதும்.

சைக்கிளில் போகிறவர்கள் காற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அடித்துத் தள்ளும். அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது சைக்கிள் எம்மாத்திரம்? காலையில் பல்லடத்திலிருந்து கிழக்கே காங்கயம் பக்கம் கிளம்பினால் முதுகில் காற்று தள்ளும், நமக்குத்தான் பலம் வந்துவிட்டதோ என்று தோன்றும். மத்தியானம் திரும்பும்போது காற்று இன்னும் வலுத்திருக்கும், வெயிலும் சேர்ந்துகொள்ளும், சமதரையிலேயே மேடு ஏறுகிற மாதிரி மிதிக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த மாதங்களில் விடியற்காலையில் மேற்கு நோக்கிப் போங்கள், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

மெயின் ரோட்டு லாரிகளுக்குப் பயந்து இட்டேரிக்குள், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதைக்குள், இறங்குவது நல்ல யோசனை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நிழல், மயில், தூரத்தில் மாட்டு மணி. கூடவே கருவேல முள்ளும் உண்டு. பஞ்சர் ஆவது தவறில்லை. முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டு, ரெண்டு கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர் ஆவதுதான் தவறு. முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பழைய துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்றுத் தேய்த்து வாருங்கள். முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டும். வெறும் விரலால் தடவினால் முள்ளை விரல்தான் கண்டுபிடிக்கும். காற்றடிக்கிற பம்பும் ஒரு மாற்று டியூபும் கையில் இருக்கட்டும். தோட்டங்காட்டு வழியில் பஞ்சர் கடையைத் தேடி அலைய முடியாது.

கோவைக்குப் பக்கத்திலிருக்கிற வெள்ளியங்கிரி மலையைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை. 2024 மார்ச்சில் ஏறியவர்களில் சிலர் வழியிலேயே இறந்துபோனார்கள். இதயக் கோளாறோ, மூச்சுத் தொந்தரவோ, பிரஷரோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. திடமாக இருக்கிறவர்களும் ஏறுவதை மட்டுமே யோசிக்கிறார்கள். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மேலே குளிரும், போர்த்திக்கொள்ள ஏதாவது வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் வழி காட்டுவார் என்று காட்டுக்குள் நுழைவது வேறு விதமான தவறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். அதை விட்டுவிட்டுத் திருட்டுத்தனமாக ஏன் போக வேண்டும்?

தண்ணீர் விஷயத்தில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், பவானியில் முழங்கால் அளவுதான் ஓடும். மேலே நீலகிரியில் மழை பெய்தாலோ, பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விட்டாலோ கொஞ்ச நேரத்தில் ஆறு ஏறிவிடும். நடுப்பாறையில் உட்கார்ந்து சோறு தின்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். திருமூர்த்தி மலைப் பஞ்சலிங்க அருவியும் அப்படியே. குளிக்க விடவில்லை என்றால் காவலரோடு வாதாட வேண்டாம். அவர் மேலே பெய்த மழையைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறார்.

சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறினால் 27 வளைவுகள். அதற்கு மேல் ஆசனூர் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டோரம் காத்து நிற்கும். பைக்கை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்க இறங்கினீர்கள் என்றால் ஓடுவதற்கு இடம் கிடையாது. தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், யானை போகிற வரை காத்திருக்க வேண்டும். மலை இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடவே கூடாது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று டிரைவர்கள் சொல்வது பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

கோயில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. பேரூர்க் கோயிலின் கனகசபை மண்டபத்துச் சிற்பங்களைச் சாவகாசமாகப் பார்க்க நினைத்தால் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

நீலகிரிக்கு வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், அதாவது ஆன்லைனில் வாங்கும் அனுமதி, வேண்டும். அது தெரியாமல் செக்போஸ்ட்டில் நின்று போனில் பதிவு செய்கிற கூட்டம் ஒவ்வொரு லீவிலும் உண்டு. சொந்த வண்டிதான் வேண்டுமென்றால் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். அதற்கு இ-பாஸ் தேவையில்லை, உங்களில் எப்போதும் வண்டி ஓட்டுகிறவரும் அன்றைக்கு ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கலாம்.