சர்வர் உங்களைக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள்

என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. வெளியே அழைத்துப் போவது பல வருடமாக என் பொறுப்பு. இதில் நான் செய்யாத தவறு இல்லை.

பெரிய தவறு, அவனுக்காக நானே பேசியது. டிபன் கடையில் சர்வர் என்னைப் பார்த்துத்தான், "இவருக்கு என்ன சார்?" என்பார். "மசால் தோசை" என்று பட்டென்று சொல்லிவிடுவேன். ஒருநாள் நான் போனில் மாட்டிக்கொண்டேன். தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்வர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டார், பக்கத்து மேசையைத் துடைத்தார். அப்புறம் மெதுவாக ஒரு குரல்: "பூரி." அதுவரை அவன் சாப்பிட்ட மசால் தோசையெல்லாம் எனக்குப் பிடித்தது!

கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பிவர அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நேரம் பிடிக்கும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நடுவில் வார்த்தையை மாற்றிக் கேட்டால் யோசனை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "என்ன வேணும்?" என்பதைவிட "பூரியா, பொங்கலா?" என்பது சுலபம். பேச்சு வராதவருக்குப் போனில் படத்தைக் காட்டலாம். சர்வரிடம் "அவரையே கேளுங்க" என்றால் போதும். பில் பணத்தையும் அவர் கையாலேயே கொடுக்கட்டும். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வளர்ந்த ஆளைக் 'கண்ணு', 'பாப்பா' என்று ஊர் நடுவே கொஞ்சுவதும், ரோடு தாண்டும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவரே பிடித்துக்கொள்வார்.

அடுத்தது, "சட்டையைப் போடு, கிளம்பு" ரகம். எந்த பஸ், எங்கே போகிறோம், எப்போது வீடு திரும்புவோம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப்போய்விட்டு, "ரொம்ப அடம்" என்று அலுத்துக்கொள்வது நியாயமே இல்லை. காதைப் பொத்திக்கொள்வது அடமல்ல, சத்தம் தாங்கவில்லை என்ற தகவல். உடனே சந்தடி குறைந்த இடத்துக்கு நகருங்கள், பேச்சைக் குறையுங்கள். "மந்திரிச்சுப் பார்த்தீங்களா?" என்று யாராவது வருவார்கள். அவர்களுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

போன இடத்தில் முதலில் கழிப்பறையைத் தேடுங்கள். அம்மா கூட்டிவந்த முப்பது வயது மகன் எந்தப் பக்கம் போவார் என்பதைக் கட்டடம் கட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். வலிப்பு வருபவர் என்றால் அதற்கான மாத்திரை பையில் இருக்கட்டும். உங்கள் போன் எண் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் அவரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், கூட்டத்தில் தவறினாலும் என்ன சட்டை என்று தடுமாற வேண்டாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வீட்டு பீரோவில் பூட்டிவைப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. துணையின்றிப் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கும் அதே அளவு.

வீடு திரும்பியதும் "மறுபடி போலாமா?" என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். மெரினாவுக்கு என் தம்பி வரமாட்டான், காலில் மணல் ஒட்டுவது பிடிக்காது. பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து, கண்டக்டர் விசிலுக்கு பஸ்கள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு காலை அங்கேதான் போகிறோம். திரும்பும்போது பூரி.