செரன்கோவ் லைட்டை லைவா பாக்க எந்த கேமரா எடுக்கலாம்?

கேன்சருக்கு ரேடியேஷன் சிகிச்சை ஓடும்போது பேஷன்ட் தோல்ல வர்ற செரன்கோவ் வெளிச்சம் (வேகமான எலக்ட்ரான் உடம்புக்குள்ள போறதால வர்றது) ரொம்பவே மங்கல், அதனால மெகாபிக்சல விடுங்க, முதல்ல கேட்டிங் (பீம் வர்ற நேரம் மட்டும் ஷட்டர திறக்கற வசதி) இருக்கான்னு பாருங்க. லினாக், அதாவது ரேடியேஷன் குடுக்கற மெஷின், அதோட பீம் தொடர்ச்சியா வராது, ஒரு பல்ஸ் சுமார் 3-4 மைக்ரோசெகண்ட்தான், அந்த நேரம் மட்டும் ஷட்டர் திறந்தா ரூம் லைட்டு பெரும்பாலும் அடிபட்டுடும், இதுக்கு இன்டென்சிஃபையர் (மங்கல் வெளிச்சத்த பெருக்கற பாகம்) வச்ச சிமாஸ் சென்சார் கேமராதான் சரி.

சிக்னல சென்சார்லயே பெருக்கற இஎம்சிசிடி கேமராவும் சென்சிடிவ்தான், ஆனா அவ்ளோ வேகமா கேட் பண்ணாது, ரூமையே இருட்டாக்கணும், பயந்துபோய் படுத்திருக்கவங்கள இருட்டுல வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல.

ரத்தம் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிடும், வெளிய வர்றது பெரும்பாலும் சிவப்பு, அதனால ஃபோட்டோகேத்தோடு (இன்டென்சிஃபையர்ல வெளிச்சத்த எலக்ட்ரானா மாத்தற பகுதி) சிவப்புல நல்லா வேலை செய்யுதான்னு கேட்டே ஆகணும். அகலமா திறக்கற லென்ஸ் போடுங்க. சிதறின எக்ஸ்ரே சென்சார்ல பட்டு வெள்ளைப் புள்ளியா தெரியும், மீடியன் ஃபில்டர் (ஒவ்வொரு பிக்சலுக்கும் சுத்தி இருக்கறதோட நடு மதிப்ப வைக்கறது) போட்டா பெரும்பாலும் போயிடும்.