வசூலை விடுங்கள், தலையை எண்ணுங்கள்

தியேட்டர் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. "வசூல் சாதனை என்கிறார்கள், கூட்டம் இல்லை என்றும் அழுகிறார்கள், எதை நம்புவது?" என்று கேட்பவர்களுக்காக, கணக்கைப் பார்க்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வசூலை ஓரம்கட்டிவிட்டு, எத்தனை டிக்கெட் விற்றது என்று தேடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 2002-இல் சுமார் 157 கோடி டிக்கெட் விற்றது. 2019-இல் சுமார் 124 கோடிதான். கொரோனாவுக்கு முந்தைய கணக்கு இது, கவனியுங்கள். வசூலோ 900 கோடி டாலர் சொச்சத்திலிருந்து 1,100 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. வராதவர்கள் விட்ட பள்ளத்தை, வந்தவர்களின் பர்ஸ் மூடிவிட்டது.

அடுத்து, ஒரே ஒரு ஷோவை எடுத்துக்கொள்ளுங்கள். 300 சீட்டில் 45 பேர் என்று வைப்போம். ஏசி, ப்ரொஜெக்டர், ஆள் சம்பளம், வாடகை எதுவும் 45 பேர்தானே என்று குறையாது. டிக்கெட் பணத்தில் வரி போக மிஞ்சுவதை விநியோகஸ்தரோடு பிரிக்க வேண்டும். பல இடங்களில் முதல் வாரம் அவர் கை ஓங்கியிருக்கும். வாரம் ஓட ஓடத்தான் தியேட்டரின் பங்கு ஏறும். எனவே மொத்தக் கூட்டத்தைப் பார்க்காமல், மூன்றாவது வாரக் கூட்டத்தைத் தனியாகப் பாருங்கள். தியேட்டரின் சோறு அங்கேதான். அந்த வாரத்தைத்தான் ஓடிடி கொத்திக்கொண்டு போகிறது: 2020-இல் அமெரிக்கப் பட நிறுவனமான யுனிவர்சல், அந்நாட்டின் ஏஎம்சி தியேட்டர் குழுமத்தோடு போட்ட ஒப்பந்தம், 17 நாளிலேயே படத்தை வீட்டிலிருந்தே காசு கட்டிப் பார்க்க விட வழிசெய்தது. அதற்கு முன் மூன்று மாதம் காத்திருப்பதுதான் அங்கே வழக்கம்.

கேன்டீனை மறக்காதீர்கள். அதில் விநியோகஸ்தருக்குப் பங்கில்லை. டிக்கெட் விலையை ஏற்றி வசூலைச் சரிக்கட்டலாம், ஆனால் வராதவர் கேன்டீனில் எதையும் வாங்க மாட்டார்.

சரி, காரணம் யார்? டிவி, வீடியோ என்று உடனே கைகாட்டாதீர்கள். பிரிட்டனில் 1946-இல் 163 கோடி டிக்கெட் விற்றது, 1984-இல் 5.4 கோடி. டிவிக்கு அதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1985-இல் மில்டன் கீன்ஸில் அந்நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்த பிறகு கூட்டம் மெல்ல ஏறத் தொடங்கியது. அதற்காக வீட்டிலிருந்த வீடியோவை யாரும் தூக்கி எறியவில்லை. அதனால் டிக்கெட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே திரைகளின் எண்ணிக்கையையும் எழுதி, வகுத்துப் பாருங்கள். திரைக்கு இத்தனை பேர் என்ற எண் அப்படியே நிற்க, மொத்தம் மட்டும் சரிந்தால், மூடிய தியேட்டர்களோடு போன கூட்டம் அது. ஒரு தியேட்டர் பூட்டினால் அதன் கூட்டம் முழுசாக அடுத்த தியேட்டருக்கு வந்துவிடும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.