என்பிடெல்லில் முதல் பாடம் எடுப்பது எப்படி?

வகுப்பில் புரியாமல் போன பாடத்தை ஐஐடி பேராசிரியர் நடத்த, வீட்டிலிருந்தே காசில்லாமல் கேட்கலாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் (NPTEL) என்ற இணையப் பாடத் தளம் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக நுழைகிறவர்கள் ஆசையில் ஐந்தாறு பாடங்களில் சேர்ந்து, மூன்றாம் வாரத்தில் அத்தனையையும் விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்: முதல் தடவை ஒரே ஒரு பாடம் எடுங்கள்.

படி 1: ஜிமெயில் கணக்கு வேண்டும். எல்லாத் தகவலும் அதற்குத்தான் வரும். அப்பாவுடையதையோ நண்பருடையதையோ கொடுக்காதீர்கள்.

படி 2: கூகுளில் என்பிடெல் என்று தேடுங்கள். தள முகவரி 'ஏசி டாட் இன்' (ac.in) என்று முடிய வேண்டும். பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 4, 8, 12 வாரம் என மூன்று அளவு. முதல் முறைக்கு 4 அல்லது 8 வாரம் போதும்.

படி 3: இதில் அவசரம் வேண்டாம். சேர்வதற்கு முன் அதே பாடத்தின் பழைய வீடியோக்களை யூடியூபில் இரண்டு பாருங்கள். ஆசிரியரின் ஆங்கிலம் காதில் ஏறுகிறதா? ஏறாவிட்டால் வேகத்தை 0.75-க்குக் குறைத்து, சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பல பாடங்களுக்குத் தமிழாக்கமும் என்பிடெல் தளத்திலேயே கிடைக்கிறது. தமிழில் ஒருமுறை படித்துவிட்டு ஆங்கில வீடியோவுக்குப் போனால் பாதி பயம் போய்விடும்; கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

படி 4: பிடித்திருந்தால் சேருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

படி 5: வாரந்தோறும் வீடியோக்களும் ஓர் அசைன்மென்டும் வரும். டேட்டா குறைவென்றால் வீடியோ தரத்தை 240-க்கு இறக்குங்கள்; பலகையில் எழுதுவது தெரியாதபோது மட்டும் கூட்டுங்கள். கையில் நோட்டு இருக்கட்டும். வெறுமனே பார்த்த வீடியோ மறுநாளே மறந்துவிடுகிறது. அசைன்மென்டைக் கடைசி நாள் இரவுக்குத் தள்ளாதீர்கள். ஒன்றிரண்டு தவறினாலும் மனம் தளர வேண்டாம்: 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 மதிப்பெண்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

படி 6: சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டும். தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். படிவத்தில் நீங்கள் கொடுக்கும் பெயரே சான்றிதழில் அச்சாகும் என்பதால், இனிஷியல் உட்பட அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்புங்கள். தேர்வன்று அந்த அட்டையின் அசலை எடுத்துப் போங்கள்.